உப்புக் கிணறும் தென்னை விளையும்

பங்குனி பிறந்துவிட்டால் மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம், மண்டைக்காடு போன்ற கடலோர ஊர்களில் தென்னை விளை வைத்திருப்போருக்கு ஒரு கவலை வந்துவிடும். கிணற்று நீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். கார்த்திகையில் இனித்த நீர் இப்போது லேசாகக் கரிக்கும். சித்திரையில் இன்னும் அதிகமாகக் கரிக்கும். மரமோ வெயிலில் வாடி நிற்கிறது. இந்த நீரை இறைத்துவிடலாமா, விடாமல் காயப் போடலாமா? விட்டால் உப்பு ஏறும். விடாவிட்டால் குரும்பை கொட்டும்.

இந்தக் கேள்விக்குப் பதில் கிணற்றில் இல்லை. வேரின் நுனியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல்தான் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று அங்கே முடிவு செய்கிறது. அதன் வேலையைப் புரிந்துகொண்டால் நீர் பாய்ச்சுவது, உரம் இடுவது, மருந்து தெளிப்பது எல்லாவற்றிலும் செய்யக்கூடாத தவறுகள் தாமாகவே விளங்கும்.

சவ்வு என்னும் தோல்

பயிரானாலும் மாடானாலும் மனிதரானாலும் உடல் முழுவதும் செல் என்னும் நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. பயிரின் செல்லில் சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் ஒன்றும் இருக்கிறது. அந்தச் சுவர் வேலி போன்றது. நீரும் உப்பும் அதன் இடைவெளியில் புகுந்துவிடும். உண்மையான காவல் சவ்வில்தான் இருக்கிறது.

சவ்வு எண்ணெய்ப் பசையுள்ள இரண்டு அடுக்குகளால் ஆனது. கோர்ட்டர், கிரெண்டல் என்ற டச்சு ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1925-ல் இதை முதன்முதலில் எடுத்துரைத்தார்கள். எண்ணெயில் உப்பு கரையாது என்பது சமையலறையில் அனைவரும் அறிந்தது. அதுபோலவே நீரில் கரைந்த உப்பும் உரச்சத்தும் இந்த எண்ணெய் அடுக்கைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றிற்கென்று சவ்வில் ஆங்காங்கே புரதத்தால் ஆன வாசல்கள் பதிந்துள்ளன. ஒவ்வொரு வாசலும் ஒரு குறிப்பிட்ட சரக்குக்கு மட்டும் திறக்கும்.

நீருக்கும் தனி வாசல் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் ஏகர் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்து 1992-ல் வெளியிட்டார். 2003-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாசல் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகச் செல்கின்றன. ஆனால் உப்பு ஒரு துளியும் அதில் நுழைய முடியாது.

நீர் எந்தப் பக்கம் போகும்?

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் பரணியில் நீர் கோத்து நிற்கிறது, துண்டுகள் சுருங்கிவிடுகின்றன. மீனில் உப்பைத் தூவிக் கருவாடு போடும்போதும் இதே கதைதான். காய்ந்த திராட்சையைப் பாயசத்தில் போட்டால் அது உப்பி வருகிறது. நீர் எப்போதும் உப்போ சர்க்கரையோ குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்குச் செல்லும். இதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறார்கள்.

வேரின் செல்லுக்குள் சர்க்கரையும் சாம்பல் சத்தும் பிற உப்புகளும் கரைந்துள்ளன. மண்ணில் உள்ள நன்னீரைவிட உள்ளே கரைசல் கெட்டி. ஆகையால் நீர் மண்ணிலிருந்து வேருக்குள் செல்கிறது. மண்நீரில் உப்பு ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் வேரைச் சுற்றி ஈரம் இருந்தும் பயிரால் குடிக்க முடியாது. அதையும் தாண்டினால் வேரிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படும். உப்பு நிலத்தில் வயல் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடுவதன் ரகசியம் இதுதான்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது நீரை இழுக்கும் விசை ஏறக்குறைய 25 காற்றழுத்தம். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், சாதாரணப் பயிர் அதனுடன் போட்டி போட முடியாதது ஏன் என்று விளங்கும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளரிக்காயை ஒரே அளவில் இரு துண்டுகளாக வெட்டி, ஒன்றை நல்ல நீரிலும் மற்றொன்றை இரண்டு கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் இரண்டு மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். நல்ல நீரில் கிடந்தது விறைப்பாக ஒடியும். உப்பு நீரில் கிடந்தது துணி போல் துவளும்.

மணலில் இருப்பதெல்லாம் சத்தாகுமா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் உலகப் புகழ் பெற்றது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதைத் தேடி வந்தபோது கிடைத்ததே இந்தக் கரை. மோனசைட்டோடு இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகிய கனிமங்களும் இம்மணலில் கலந்துள்ளன.

இல்மனைட்டில் இரும்பு நிறைய இருக்கிறது. அப்படியானால் இந்த மணலில் நிற்கும் தென்னைக்கு இரும்புச் சத்துக் குறைவே வரக்கூடாது அல்லவா? அப்படியில்லை. வேரின் சவ்வு மணல் பருக்கையை விழுங்காது. நீரில் கரைந்ததை மட்டுமே உள்ளே விடும். இல்மனைட் நீரில் கரைவது அரிது. ஆகவே மண்ணில் சத்து இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. தொழுஉரமும் மக்கிய தழையும் இங்கேதான் உதவுகின்றன. அவை மக்கும்போது வெளிவரும் அமிலங்கள் சத்துகளைக் கரைத்துப் பிடித்து வேருக்குக் கொடுக்கின்றன. நீரும் சத்தும் நில்லாமல் ஓடிவிடும் மணல் நிலத்தில் இது இன்னும் அவசியம்.

காவலுக்கும் கூலி உண்டு

நீர் தானாக உள்ளே வரும். ஆனால் தழைச்சத்து, சாம்பல் சத்து போன்றவை மண்நீரில் மிகக் குறைவாகவும் செல்லுக்குள் அதிகமாகவும் உள்ளன. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் இறைப்பதுபோல இவற்றை உள்ளே ஏற்ற வேண்டும். சவ்வில் அதற்கென இறைப்பான்கள் உள்ளன. மோட்டாருக்கு மின்சாரம் எப்படியோ, அப்படியே இந்த இறைப்பான்களுக்கும் சக்தி வேண்டும். வேர் மூச்சு விடும்போதுதான் அந்தச் சக்தி கிடைக்கிறது. மூச்சுக்குக் காற்று தேவை.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. வாழையிலோ, உளுந்திலோ, காய்கறியிலோ நீர் தேங்கி நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, இறைப்பான்கள் நின்றுவிடும். உரம் போட்டிருந்தும் பயிர் மஞ்சளாகும். அப்போது இன்னும் யூரியா போடுவது, மின்சாரம் இல்லாதபோது இரண்டாவது மோட்டார் வாங்குவதைப் போன்றதாகும். முதலில் வடிகால் எடுக்க வேண்டும். நெல் மட்டும் தப்புவதற்குக் காரணம், அதன் தண்டிலிருந்து வேர் வரை காற்றைக் கொண்டுசெல்லும் குழல்கள் அமைந்திருப்பதே.

உப்பு நிலத்தில் இதே இறைப்பான்களுக்கு இரட்டை வேலை. உள்ளே கசிந்த உப்பைத் திரும்ப வெளியே தள்ள வேண்டும். அல்லது செல்லுக்குள்ளேயே தனி அறையில் அடைத்து வைக்க வேண்டும். காய்க்கச் செலவாக வேண்டிய சக்தி இப்படிக் காவலுக்குப் போய்விடுகிறது. மரம் சாகாவிட்டாலும் காய் குறைவது இதனால்தான்.

நெல் தாங்காது, தென்னை தாங்கும்

நெல் உப்புக்குப் பயந்த பயிர். மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். அந்த அளவு 3-ஐத் தாண்டினால் சாதாரண நெல் ரகங்களின் மகசூல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். முளைக்கும்போது நெல் ஓரளவு தாங்கும். இளம் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. கும்பப்பூ சாகுபடியின் கடைசியில் மழை நின்று வாய்க்கால் நீரும் குறைந்தால் கடலோர வயல்களில் பதர் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நெல்லிலேயே விதிவிலக்கும் உண்டு. கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயலோரங்களில் விளையும் பொக்காளி நெல் உப்பைத் தாங்கி வளர்கிறது. அது இறுக்கமான காவலுள்ள நெல். இலைக்குச் செல்லும் சோடியத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தை மட்டும் மேலே அனுப்பும் குணம் அதற்கு உண்டு. அந்தக் குணத்தைத் தரும் மரபுப் பகுதியைக் கண்டறிந்து பிற ரகங்களுக்கு ஏற்றி வருகிறார்கள். ஆனால் பொக்காளி விவசாயிகளும் உப்பிலேயே விதைப்பதில்லை. பருவமழை வந்து நிலத்து உப்பைக் கழுவிய பிறகே விதை போடுகிறார்கள். தாங்கும் ரகம் இருந்தாலும் மழையை நம்பித்தான் அவர்கள் சாகுபடி நடக்கிறது.

மணக்குடிக் காயலில் நிற்கும் அலையாத்தி மரங்களில் வெண்கண்டல் இன்னும் ஒரு படி மேல். உள்ளே புகுந்த உப்பை இலையின் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும். அதன் இலையை நக்கிப் பார்த்தால் கரிப்பது இதனால்தான்.

தென்னையின் வழி வேறு. அதற்கு உப்பில் ஒரு பாதி பகை, மறு பாதி உணவு. சாதாரண உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. இலையின் அடியில் உள்ள நுண்துளைகள் திறந்து மூடினால்தான் மரம் மூச்சு விடவும் நீரைச் சிக்கனப்படுத்தவும் முடியும். ஒவ்வொரு துளைக்கும் இரு காவல் செல்கள் உண்டு. சாம்பல் சத்து அச்செல்களின் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்தால் நீரும் பின்தொடர்ந்து செல்லும், செல்கள் உப்பும், துளை திறக்கும். சாம்பல் சத்து வெளியேறினால் துளை மூடும். பல பயிர்களில் சாம்பல் சத்துக்குத் துணையாகச் செல்லே ஓர் அமிலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. தென்னையின் காவல் செல்களுக்கு அந்த வசதி குறைவு. அதற்குத் துணை குளோரின்தான். ஆகவே கடற்காற்று எட்டாத உள்நாட்டுத் தென்னைக்குக் குளோரின் குறைவு ஏற்படுவது உண்டு. கடலோரத்தில் அந்தக் குறை இல்லை.

தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடும் பழைய வழக்கத்துக்கும் பொருள் உண்டு. செம்பொறை மண்ணில் நடுவதற்கு ஆறு மாதம் முன்பு குழிக்கு 2 கிலோ உப்பு இட்டால் கெட்டிப் பாறை இளகும் என்பது கேரளப் பரிந்துரை. அந்த ஆறு மாதத்தில் மழை அந்த உப்பைக் கழுவிவிடும். இந்த வழக்கத்தைக் கடலோர மணலில், கரிக்கும் கிணறு உள்ள விளையில் பின்பற்ற வேண்டியதில்லை. அங்கே உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

கிணற்றுக்கு அடியில் கடல்

கடலோர மணலில் மழைநீர் கீழே இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் லேசானது, கடல் நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது ஏறத்தாழக் கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. மோட்டார் போட்டு ஓர் அடி இறக்கினால், அடியில் உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறப் பார்க்கும்.

நீர் கரிக்கிறதென்று கிணற்றை ஆழப்படுத்துவது இங்கே தலைகீழான வைத்தியம். ஆழம் போகப் போகக் கடலையே தொடுகிறோம். ஆழமில்லாத கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைப்பதே நல்லது. இரவு முழுவதும் மோட்டாரை ஓட விடக்கூடாது.

வள்ளியாறு கடியப்பட்டணம் அருகே கடலில் கலக்கிறது. வறண்ட காலத்தில் ஆற்று நீர் குறைந்தால் பொழிமுகத்தின் வழியே உப்பு நீர் மேலேறும். ஆற்றோர விளைகளில் இருப்போர் அந்நீரை இறைப்பதற்கு முன் சுவைத்துப் பார்ப்பது அவசியம்.

ஒரு கணக்கு

கிணற்று நீரின் மின்கடத்தும் திறன் 2 அலகு என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கு லேசாகக் கரிக்கும் நீர் இது. லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு இருக்கும். தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர் விட்டால் 65 கிராம் உப்பு சேருகிறது. கோடை 100 நாளில் ஒரு மரத்தடியில் ஆறரைக் கிலோ! மரம் நீரைக் குடித்துவிடும். வெயிலும் கொஞ்சம் குடித்துவிடும். உப்பில் பெரும் பகுதி அங்கேயே தங்கும். விவசாயி விட்ட நீர் லேசான உப்பு. வேர் சந்திக்கும் நீர் அதைவிடப் பல மடங்கு உப்பு.

பொதுவாகப் பாசன நீர் 0.7 அலகுக்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 0.7 முதல் 3 வரை கவனத்துடன் பயன்படுத்தலாம். 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. தென்னை இதைவிடச் சற்று அதிகமாகத் தாங்கும் என்றாலும், நாற்றும் இளங்கன்றும் தாங்காது.

அப்படியானால் கரிக்கும் நீரை விடவே கூடாதா? விடலாம். வளர்ந்த தென்னைக்கு, மணல் நிலத்தில், அடுத்து வரும் மழை உப்பைக் கழுவும் என்ற நிலையில் கோடைக்கு உயிர்த்தண்ணீராக விடலாம். வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேற்கு மழையும், ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெறும் குமரி மாவட்டத்துக்கு இது பெரிய பாக்கியம். மணலில் உப்பு சீக்கிரம் ஏறும். மழையில் சீக்கிரம் இறங்கும். களிமண் கலந்த வயலுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகளைத் தாக்கியது. அத்தகைய பேரலை புகுந்த நிலங்களிலும் மழையும் நன்னீரும் கழுவிய பிறகே மண் பயிருக்கு உகந்ததாகும்.

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. களர் நிலத்துக்கு ஜிப்சம் மருந்து. கடல் நீரால் வெறும் உப்பு ஏறிய உவர் நிலத்துக்கு மருந்து நன்னீரும் வடிகாலுமே. மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது காசை மண்ணில் போடுவதாகும்.

உரமும் உப்புதான்

பெயர் யூரியா ஆனாலும் பொட்டாஷ் ஆனாலும் நீரில் கரைந்தபின் அது வேருக்கு உப்பைப் போலவே தெரியும். இளங்கன்றின் தூரில் ஒரு பிடி யூரியாவைக் குவித்து வைத்தால் இரண்டு நாளில் ஓலை கருகுவது நோயால் அல்ல. கடல் நீர் செய்வதையே உரக் குவியலும் செய்கிறது. வேரிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடுகிறது.

ஐந்து ஆண்டு முடிந்த தென்னைக்கு ஆண்டுக்குத் தொழுஉரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரியேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இரசாயன உரங்களைச் சரிபாதியாக்கி இரண்டு தடவையாக, மண்ணில் ஈரம் உள்ளபோது, மரத்திலிருந்து 1.8 மீட்டர் வரையுள்ள வட்டப் பாத்தியில் பரவலாக இட்டுக் கொத்தி மூட வேண்டும். முதலாண்டுக் கன்றுக்கு இதில் கால் பங்கு போதும். தென்னைக்கு வேர்த்தூவி கிடையாது. வேரின் இளம் நுனிப்பகுதியே உறிஞ்சும். அந்த நுனிகள் தூரை ஒட்டி அல்ல, தள்ளியே இருக்கின்றன.

உப்பு நீர் பாயும் விளையில் பொட்டாஷைக் குறைக்கக்கூடாது. சோடியமும் சாம்பல் சத்தும் உருவத்தில் ஒத்தவை. சாம்பல் சத்தின் வாசலில் சோடியம் கள்ளத்தனமாக நுழையப் பார்க்கும். சாம்பல் சத்து போதிய அளவில் இருந்தால் அந்த நுழைவு குறையும்.

இலைவழியாகவும் வேர்வழியாகவும்

நெற்பயிருக்குக் கதிர் உருவாகும் தருணத்திலும் அதன்பின் பத்து நாளிலும் யூரியா 1 சதவீதம், டி.ஏ.பி. 2 சதவீதம், பொட்டாஷ் 1 சதவீதம் கலந்து தெளிக்கச் சொல்வார்கள். நூறு லிட்டர் நீருக்கு முறையே 1, 2, 1 கிலோ. டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை எடுக்க வேண்டும். சீக்கிரம் பலன் வரட்டும் என்று அளவை இரட்டிப்பாக்கினால் இலை தீயும். வெயிலில் தெளித்தாலும் நீர் ஆவியாகி இலைமேல் உப்புக் கெட்டியாகிவிடும். மாலை நேரமே ஏற்றது.

தென்னைக்கு டானிக்கை வேர்வழியே கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே. பென்சில் பருமனுள்ள உயிருள்ள வேரைத் தேர்ந்து, சாய்வாக வெட்டி, டானிக் உள்ள பாலிதீன் பையில் நுனி அடிவரை முழுகும்படி வைத்துக் கட்டுவார்கள். வெட்டிய வேரில் நீர்க்குழாய் நேரே திறந்துவிடுவதால் சவ்வின் காவல் இல்லாமலே மருந்து மேலேறுகிறது. காவல் இல்லாத வாசல் என்பதால், பரிந்துரைத்த மருந்தைத் தவிர வேறு எதையும், பரிந்துரைத்த அளவுக்கு மேலும், அதில் கொடுக்கக்கூடாது.

மனித உடலிலும் இதே விதி

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு வெறும் உப்பு நீர் கொடுத்தால் குடல் அதைச் சரியாக ஏற்காது. சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்கும். குடலின் சவ்வில் உள்ள ஒரு வாசல் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். நீர் அவற்றைப் பின்தொடரும். 1971-ல் வங்கதேசப் போரின்போது வனகாவ் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது வீட்டு அளவு.

மருந்து தெளிப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. சவ்வு எண்ணெய்த் தன்மையுள்ளது என்பதால் எண்ணெயில் கரையும் பூச்சிமருந்துகள் தோலைக் கடந்து உள்ளே போய்விடும். கையில் பட்டதைத் துணியில் துடைத்துக்கொண்டால் போதாது. கையுறை போட வேண்டும். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

மாசியிலேயே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பி உப்பின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் 3 அலகைத் தாண்டினால் இளங்கன்றுக்கும் காய்கறிக்கும் அதை விடக்கூடாது.

தென்னை பாத்தியில் ஓலை, தழை, அல்லது கதம்பலைக் குவிந்த பக்கம் மேலாக அடுக்கி மூடாக்கு இட வேண்டும். வெயில் குடிக்கும் நீர் குறைந்தால் விட வேண்டிய நீரும் குறையும். அதோடு வரும் உப்பும் குறையும்.

நல்ல நீர் கிடைக்கும் நாளில் கொஞ்சம் அதிகமாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். தினமும் சொட்டுச் சொட்டாக உப்பு நீர் விடுவதைவிட இது மேல்.

மழைக்காலத்தில் விளையைச் சுற்றி வரப்பு உயர்த்தி மழைநீரை அங்கேயே இறக்க வேண்டும். ஓடிக் கடலில் சேரும் ஒவ்வொரு குடம் மழைநீரும் அடுத்த சித்திரைக்குக் கிணற்றில் இருந்திருக்க வேண்டிய நீர்.

உப்பு நிலத்துக்கு ஏற்ற நெல் ரகம், மண்ணுக்கேற்ற உர அளவு ஆகியவற்றுக்குத் திருப்பதிசாரத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் விவசாயிகள் அணுகலாம். மணலின் அடியில் கடல் காத்திருக்கிறது. வேரின் சவ்வு ஓரளவுக்குத்தான் அதைத் தடுக்கும். மீதியைத் தடுப்பது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.